பூட்டப்பட்ட கணக்கும் திறக்கும் வழிகளும்



பெங்களூரு ஈஜிபுராவின் நெருக்கமான தெருக்களில், ஒற்றை அறையில் வாடகைக்குக் குடியிருக்கும் ஒரு குடும்பத்தின் உடைமைகளை எண்ணிப் பாருங்கள். ஒரு கட்டில், ஒரு பீரோ, ஒரு கேஸ் அடுப்பு, சுவரில் ஒரு நாட்காட்டி. இவை கண்ணுக்குத் தெரிகிறவை. கண்ணுக்குத் தெரியாத உடைமைகள் வேறே உண்டு. ஊரிலிருக்கும் தாயாருக்கு மாதந்தோறும் பணம் அனுப்பும் செயலி, வருங்கால வைப்பு நிதிக் கணக்கு, மகளின் கல்லூரி விண்ணப்பம், வேலைக்கு அழைப்பு வரும் மின்னஞ்சல், மரித்துப்போன தகப்பனாரின் புகைப்படங்கள், சபையாரின் வாட்ஸ்அப் குழு ஆகிய இவை அனைத்தும் ஒரு பத்து இலக்க எண்ணுக்கும் ஒரு கடவுச்சொல்லுக்கும் பின்னால் அடைக்கப்பட்டிருக்கின்றன.

ஒரு நாள் காலையில் அந்தக் கதவு திறக்க மறுக்கிறது. "கடவுச்சொல் தவறு" என்கிறது திரை. அல்லது "உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது" என்கிறது. விசாரிக்க ஓர் அலுவலகம் இல்லை. முறையிட ஒரு மனிதர் இல்லை. அந்த நேரத்தில் என்ன செய்யவேண்டும், எதைச் செய்யவே கூடாது, அப்படியொரு நாள் வருமுன்னே எப்படி ஆயத்தமாயிருப்பது என்பவற்றையே இந்தக் கட்டுரையில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முகவரியை இழப்பது இன்னதென்று ஈஜிபுரா அறியும். 1990களின் தொடக்கத்தில் ஏழை எளியோருக்கென்று அங்கே கட்டப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சில, 2003ஆம் ஆண்டிலும் 2007ஆம் ஆண்டிலும் இடிந்து விழுந்தன. பின்பு அந்த இடத்தில் தகரக் கொட்டகைகளில் வாழ்ந்திருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் 2013 ஜனவரியில் அப்புறப்படுத்தப்பட்டன. அவர்களில் தமிழர் அநேகர். வீடு போனபோது, குடும்ப அட்டையிலும் வாக்காளர் அட்டையிலும் அச்சிடப்பட்டிருந்த கதவு எண்ணும் பொருளற்றதாயிற்று. இந்நாட்களிலோ மனிதனுடைய நிலையான முகவரி அவனுடைய கைபேசி எண்ணே. வீடு மாறுகிறோம், வேலை மாறுகிறோம், தெரு மாறுகிறோம். எண் மாறாதிருக்கும்வரை நம்மைக் கண்டுபிடித்துவிடலாம். ஆகையால் எண்ணை இழப்பவர் இரண்டாம் முறை முகவரியை இழக்கிறார் என்று சொல்வது மிகையாகாது.

பூட்டியது யார்?

கணக்கு திறக்கவில்லை என்றவுடன் பதறிப்போய் கண்ட பொத்தானையெல்லாம் அழுத்துகிறவர்கள் அநேகர். முதலாவது, பூட்டியது யார் என்று நிதானிக்கவேண்டும். பூட்டு மூன்று வகைப்படும். கடவுச்சொல்லை மறந்ததினாலோ கைபேசியைத் தொலைத்ததினாலோ நாமே வெளியே நிற்பது ஒன்று. வேறொருவன் உள்ளே புகுந்து நம்மை வெளியே தள்ளிவிட்டது இரண்டாவது. கணக்கைத் தந்த நிறுவனமே விதிமீறல் என்று சொல்லி முடக்கிவிட்டது மூன்றாவது.

திரையில் வரும் வாசகத்தைக் கவனித்தால் இது விளங்கும். "கடவுச்சொல் தவறு" என்று வந்தால் முதல் வகையாக இருக்கலாம். "கடவுச்சொல் இத்தனை மணி நேரத்துக்கு முன் மாற்றப்பட்டது" என்று வந்து, மாற்றியது நீங்கள் அல்லவென்றால், இரண்டாவது வகை. "விதிமுறைகளை மீறியதால் முடக்கப்பட்டது" என்று வந்தால் மூன்றாவது. அந்த வாசகத்தை உடனே மற்றொரு கைபேசியால் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தேதியும் நேரமும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் முறையிடும்போது அதுவே உங்கள் சாட்சி.

எண்ணே வாசல்

கைபேசி தொலைந்துவிட்டால் எந்தக் கணக்கையும் மீட்க முயலுமுன்னே, அதே எண்ணுக்கு மாற்று சிம் கார்டு வாங்கவேண்டும். எல்லாக் கணக்கின் ஓ.டி.பி.யும் அந்த எண்ணுக்கே வருகிறபடியால், வாசலைப் பிடித்துக்கொண்டால் அறைகளை ஒவ்வொன்றாகத் திறக்கலாம். காவல்துறையில் தொலைந்த புகாரைப் பதிவு செய்து, அடையாளச் சான்றோடு நிறுவனத்தின் சொந்த விற்பனை நிலையத்துக்குச் செல்லுங்கள். மாற்று சிம் உயிர் பெற்றவுடன் குறுஞ்செய்திகள் வரவில்லையே என்று கலங்கவேண்டாம். மோசடியைத் தடுக்கும்பொருட்டு முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்திகள் நிறுத்திவைக்கப்படுவது வழக்கம். தொலைந்த கருவியையே எந்த சிம்மிலும் இயங்காதபடி தடுக்க, 2023 மே மாதத்தில் மத்திய அரசு தொடங்கிய "சஞ்சார் சாத்தி" தளத்தில் வழி உண்டு. அதற்குப் புகாரின் நகலும், கைபேசியின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணும் தேவை. அந்த எண் கைபேசி வந்த பெட்டியின்மேல் அச்சிடப்பட்டிருக்கும், பெட்டியை எறிந்துவிடாதீர்கள்.

இங்கே ஒரு முக்கியமான காரியம். ஊரைவிட்டு வந்த புதிதில், தங்கள் பெயரில் சான்று இல்லாதபடியால், மேஸ்திரியின் பெயரிலோ, நண்பன் பெயரிலோ, கடைக்காரர் தந்த ஏதோ ஒரு பெயரிலோ சிம் வாங்கினவர்கள் நம்மிடையே அநேகர் உண்டு. ஆண்டுகள் கடந்தன, அந்த எண்ணிலேயே வங்கிக் கணக்கும் ஆதாரும் இணைந்துவிட்டன. சிம் தொலைந்த நாளில்தான், சட்டத்தின் பார்வையில் அந்த எண் தமக்குச் சொந்தமல்ல என்பது தெரியவருகிறது. எவர் பெயரில் இருக்கிறதோ அவரே வந்தாலொழிய மாற்று சிம் கிடைக்காது. உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்பதையும் சஞ்சார் சாத்தி தளத்திலேயே காணலாம். நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் எண் அந்தப் பட்டியலில் இல்லையென்றால், பதிவிலுள்ளவர் எட்டும் தூரத்தில் இருக்கும்போதே பெயர் மாற்றம் செய்துகொள்ளுங்கள்.

இன்னொரு ஆபத்து ரீசார்ஜ் செய்யாமல் விடுவது. ஊருக்கு ஓர் எண், பெங்களூருக்கு ஓர் எண் என்று வைத்திருப்பவர்கள் ஊர் எண்ணை மறந்துவிடுகிறார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி, பிரீபெய்டு எண் 90 நாட்கள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் கிடந்தால் துண்டிக்கப்படலாம். துண்டித்து 90 நாட்கள் கழிந்தபின் அதே எண் வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். 2023ஆம் ஆண்டு இது குறித்து உச்சநீதிமன்றத்தில் ஒரு மனு விசாரணைக்கு வந்தபோது, எண்ணை விட்டுவிடுகிறவர்தாமே தமது வாட்ஸ்அப் கணக்கையும் அதிலுள்ள தகவல்களையும் நீக்கிப் பாதுகாத்துக்கொள்ளவேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படிக் கைமாறிய எண்களை வாரந்தோறும் தங்கள் பதிவுகளிலிருந்து நீக்கவேண்டுமென்று யு.பி.ஐ. செயலிகளுக்கும் வங்கிகளுக்கும் 2025 முதல் கட்டளை உண்டு. ஆனாலும் உங்கள் மின்னஞ்சலில் பழைய எண் இருந்தால் அதை வேறு யாரும் வந்து திருத்தமாட்டார்கள்.

ஆகவே எண்ணை மாற்றுமுன் முதலாவது ஆதாரிலும், பின்பு வங்கியிலும், அதன்பின் மின்னஞ்சலிலும் புதிய எண்ணைப் பதிவு செய்யுங்கள். பழைய சிம்மை எறிவது கடைசி வேலையாக இருக்கட்டும். ஆதாரில் கைபேசி எண்ணை மாற்ற முகவரிச் சான்று தேவையில்லை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். ஆதார் மையத்தில் விரல்ரேகை வைத்து, குறிப்பிட்ட கட்டணம் செலுத்தினால் போதும். சந்தேகமிருந்தால் 1947 என்ற எண்ணில் தமிழிலேயே விசாரிக்கலாம்.

மறந்துபோன கடவுச்சொல்

வேத மாணவர்களுக்கு நியாயாதிபதிகளின் புஸ்தகம் 12ஆம் அதிகாரம் நினைவிருக்கும். யோர்தான் துறைகளில் நின்ற கீலேயாத்தியர், கடந்துபோக வந்தவர்களை ஒரே ஒரு சொல்லை உச்சரிக்கச் சொன்னார்கள். "ஷிபோலேத்" என்று சொல்ல வராமல் "சிபோலேத்" என்று சொன்ன எப்பிராயீமர் அகப்பட்டார்கள். ஒரு மனிதன் யார் என்பதை அவன் நாவைக் கொண்டு நிதானித்த காலம் அது. இன்று இயந்திரம் நம்மை நிதானிப்பதும் ஏறக்குறைய அதே விதமே. நம் முகத்தை அது அறியாது. நாம் வழக்கமாக எந்தக் கருவியிலிருந்து வருகிறோம், எந்த இடத்திலிருந்து வருகிறோம், என்ன பதில் சொல்கிறோம் என்பதையே அது பார்க்கிறது.

இதை அறிந்தால் கூகுள் கணக்கை மீட்கும் வழி விளங்கிவிடும். மீட்பு முயற்சியை இன்டர்நெட் கடையிலிருந்தோ, நண்பனுடைய புதிய கைபேசியிலிருந்தோ செய்யாதீர்கள். முன்பு எந்தக் கைபேசியில் அல்லது கணினியில் அந்தக் கணக்கைத் திறந்திருந்தீர்களோ, அதிலிருந்தே, வழக்கமாக இருக்கும் வீட்டிலிருந்தோ வேலைசெய்யும் இடத்திலிருந்தோ முயலுங்கள். கேட்கப்படும் கேள்விகளைத் தாண்டிச் செல்லாமல் இயன்றவரை பதில் கொடுங்கள். கடைசிக் கடவுச்சொல் நினைவில்லையென்றால் அதற்கு முந்தினதைக் கொடுங்கள், அதுவும் உதவும். பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்பதிலும் கவனம் தேவை. மீண்டும் மீண்டும் ஊகித்துத் தட்டினால் இயந்திரம் உங்களையே திருடனாக எண்ணிவிடும். ஒரு முறை தோற்றால், பொறுத்திருந்து, பழைய டைரிகளில் தேடி, ஆயத்தத்தோடு மறுபடியும் முயலுங்கள்.

நெடுங்காலம் திறக்காமல் விடுவதும் ஆபத்தே. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை அழிக்கப்போவதாக 2023 மே மாதத்தில் கூகுள் அறிவித்து, அவ்வாண்டு டிசம்பர் முதல் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அழிந்தபின் மீட்பது அரிது. வாட்ஸ்அப் கணக்கோ 120 நாட்கள் இணையத்தோடு தொடர்பில்லாமல் இருந்தால் நீக்கப்படும். பிள்ளையின் பழைய புகைப்படங்கள் ஒரு பழைய மின்னஞ்சலில் கிடக்கின்றன என்றால், ஆண்டுக்கு இரண்டு முறையாவது அதைத் திறந்து பாருங்கள்.

இதோடு ஊரில் விட்டுவந்த வங்கிக் கணக்கையும் நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டுகள் வரவு செலவு இல்லையென்றால் அது செயலற்ற கணக்காகிவிடும். 2024 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, அதை உயிர்ப்பிக்கக் கட்டணம் வாங்கக்கூடாது. குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதமும் போடக்கூடாது. ஊருக்குப் போகவேண்டிய அவசியமுமில்லை. அதே வங்கியின் பெங்களூருக் கிளையில் சான்றுகளைக் கொடுக்கலாம். 10 ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தால் பணம் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குச் சென்றுவிடும். அப்போதும் உரியவர் கேட்டுப் பெற உரிமை உண்டு.

திருடன் உள்ளே இருக்கும்போது

"அண்ணா, தவறுதலாக என் கோடு உங்கள் எண்ணுக்கு வந்துவிட்டது, கொஞ்சம் சொல்லுங்கள்" என்று சபையார் ஒருவருடைய எண்ணிலிருந்தே செய்தி வரும். நம்பி அந்த ஆறு இலக்கங்களைச் சொல்லிவிட்டால், அடுத்த நிமிடமே நம்முடைய வாட்ஸ்அப் போய்விடும். பின்பு நம் பெயரால் ஊரெல்லாம் செய்தி போகும்: "அவசரமாய் மருத்துவமனையில் இருக்கிறேன், பத்தாயிரம் அனுப்புங்கள்." அறிமுகமான பெயரைப் பார்த்து அனுப்பிவிடுகிறவர்கள் உண்டு.

இந்நிலையில் முதல் வேலை மற்றொரு கைபேசியிலிருந்து உறவினருக்கும் சபையாருக்கும் அறிவிப்பது. இரண்டாவது, உங்கள் கைபேசியில் வாட்ஸ்அப்பைத் திறந்து, உங்கள் எண்ணைக் கொடுத்து, குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்கங்களை இடுங்கள். அந்தக் கணமே திருடன் தானாக வெளியேற்றப்படுவான். அவன் இரண்டடுக்குப் பாதுகாப்பு என்னும் இரகசிய எண்ணை வைத்துவிட்டிருந்தால், அது உங்களுக்குத் தெரியாதபடியால் 7 நாட்கள் காத்திருக்கவேண்டும். அந்த 7 நாட்களும் அவனும் உள்ளே வர முடியாது என்பதே ஆறுதல். உங்கள் பழைய உரையாடல்கள் உங்கள் கருவியிலேயே இருப்பதால், அவற்றை அவன் வாசித்திருக்கவும் முடியாது. கணக்கு திரும்பியதும் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" என்ற பகுதியைத் திறந்து, அறியாத கணினி எதுவும் இல்லையென்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

மின்னஞ்சலைத் திருடன் பிடித்துவிட்டால் முதல் வேலையாக மீட்பு எண்ணையே மாற்றிவிடுவான். அப்படி மாற்றப்பட்டாலும், ஏழு நாட்கள் வரைக்கும் பழைய எண்ணுக்கோ பழைய மின்னஞ்சலுக்கோ சரிபார்ப்புக் குறியீடு பெற கூகுள் வாய்ப்பளிக்கக்கூடும். ஆகவே நாட்களை வீணாக்காதிருங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்கவேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்கு அந்தப் பணம் வழியிலேயே நிறுத்தப்படும் வாய்ப்பு உண்டு. பெங்களூரில் இப்படிப்பட்ட குற்றங்களை விசாரிக்க சி.இ.என். என்னும் தனிக் காவல் நிலையங்கள் இருக்கின்றன.

இது அறியாதவர்களுக்கு மட்டும் நேரிடுவதல்ல. 2024 செப்டம்பர் 20ஆம் தேதி இந்திய உச்சநீதிமன்றத்தின் யூடியூப் சேனலே பறிபோயிற்று. அரசியல் சாசன அமர்வின் விசாரணைகளை நாடு காணும் அந்தச் சேனலில், அன்று கிரிப்டோ நாணய விளம்பரம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பின்பு அது மீட்கப்பட்டது. யூடியூப் சேனல் நடத்துகிறவர்களுக்கு, கூட்டு விளம்பர வாய்ப்பு என்று ஒரு மின்னஞ்சல் வந்து, அதிலுள்ள கோப்பைத் திறந்தவுடன் உள்நுழைவு அடையாளமே திருடப்படும் தந்திரத்தை 2021இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இதில் கடவுச்சொல் திருடப்படுவதில்லை. திறந்திருக்கும் கதவே திருடப்படுகிறது.

2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது அநேக சபைகள் ஆராதனையை யூடியூபில் ஒளிபரப்பத் தொடங்கின. அந்தச் சேனல் யாருடைய மின்னஞ்சலில் இருக்கிறது? தொழில்நுட்பம் அறிந்த ஒரு வாலிபத் தம்பியுடைய சொந்த ஜிமெயிலில் இருக்குமானால், அவர் துபாய்க்குப் போகிற நாளில் சபை வெளியே நிற்கும். கடவுச்சொல்லைப் பகிராமலே இரண்டு மூன்று பேரை நிர்வாகிகளாகச் சேர்க்க யூடியூபில் வசதி உண்டு. அதை அந்தத் தம்பியைக் கொண்டே செய்துகொள்ளலாம்.

நிறுவனமே பூட்டினால்

மூன்றாவது வகையே மிகவும் கடினமானது. எண்ணிக்கையைப் பாருங்கள். 2024 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் இந்தியாவில் 84 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளை வாட்ஸ்அப் தடை செய்ததாக அதன் மாத அறிக்கை கூறியது. அவற்றில் 16 இலட்சத்துக்கும் அதிகமானவை எவருடைய புகாரும் வருமுன்னே இயந்திரத்தின் கணிப்பால் தடை செய்யப்பட்டவை. பெரும்பாலும் மோசடிக்காரர்களைப் பிடிக்கவே இந்த வலை வீசப்படுகிறது. ஆனால் தங்கள் எண்ணைச் சேமித்து வைக்காத நூற்றுக்கணக்கானோருக்கு ஒரே நேரத்தில் செய்தி அனுப்புகிறவரும், கேளாமலே பலரைக் குழுவில் சேர்க்கிறவரும், வேறு பெயரில் வரும் போலி வாட்ஸ்அப் செயலிகளைப் பயன்படுத்துகிறவரும் அதே வலையில் அகப்படுவார்கள். கன்வென்ஷன் அழைப்பிதழை ஆயிரம் பேருக்கு அனுப்பும் சகோதரர்கள் இதைக் கவனிக்கவேண்டும். தடை வந்தால் செயலியிலேயே மறுபரிசீலனை கோரும் பொத்தான் இருக்கும். அதன் வழியாக உண்மையைச் சுருக்கமாக எழுதுங்கள்.

பெற்றோர் அறியவேண்டிய வேறொரு சம்பவமும் உண்டு. குஜராத்தைச் சேர்ந்த பொறியாளர் ஒருவர் தம் சிறுவயதுப் படங்களை கூகுள் டிரைவில் ஏற்றினார். இரண்டு வயதில் பாட்டி குளிப்பாட்டிய படமும் அதில் ஒன்று. இயந்திரம் அதைக் குழந்தைகளுக்கு எதிரான ஆபாசம் என்று கணித்தது. 2023இல் அவருடைய கணக்கு முடக்கப்பட்டது. மின்னஞ்சலும் தொழிலும் தடைபட்டன. கடைசியில் அவர் உயர் நீதிமன்றத்தை நாட, 2024 மார்ச்சில் குஜராத் உயர் நீதிமன்றம் கூகுளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவிலும் 2021இல் இப்படியே நடந்தது. மருத்துவருக்குக் காட்டும்படி தம் மகனுடைய உடலில் இருந்த வீக்கத்தைப் படமெடுத்த தகப்பனின் கணக்கு முடக்கப்பட்டது. விசாரித்த காவல்துறை குற்றம் எதுவும் இல்லையென்று முடித்தது. அதைச் சொல்ல அந்த அதிகாரி அவரைத் தொடர்புகொள்ளவே முடியவில்லை. ஏனெனில் அவருடைய மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் அதே நிறுவனத்தால் மூடப்பட்டிருந்தன. காவல்துறை விடுவித்த பின்பும் நிறுவனம் கணக்கைத் திருப்பிக்கொடுக்கவில்லை.

குழந்தைகளை வேட்டையாடும் கொடியவர்களைப் பிடிக்க இப்படிப்பட்ட காவல் வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இயந்திரம் குற்றம்சாட்டி, இயந்திரமே தீர்ப்பும் சொல்லும்போது, குற்றமற்றவன் பேச ஓர் இடம் வேண்டாமா? பெற்றோரே, குழந்தைகள் ஆடையின்றி இருக்கும் படங்களை எந்த இணையச் சேமிப்பிலும் ஏற்றாதீர்கள். மருத்துவருக்குக் காட்டவேண்டுமானால் நேரில் கொண்டுபோய்க் காட்டுங்கள். கைபேசி எடுக்கும் படங்கள் தாமாகவே கூகுள் போட்டோஸுக்குச் செல்லும்படி வைத்திருந்தால், இதைக் கூடுதலாகக் கவனியுங்கள்.

பேச ஓர் இடம் இந்தியாவில் இப்போது உண்டு என்பதை அநேகர் அறியார்கள். மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் டுவிட்டர் கணக்கு 2019 அக்டோபரில் முடக்கப்பட்டபோது, அவர் டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போகவேண்டியதாயிற்று. கணக்கு அவருக்குத் திரும்பக் கிடைத்தது 2023 ஜனவரியில். உச்சநீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞருக்கே மூன்று ஆண்டுகளுக்கு மேலாயிற்று என்றால், கட்டட வேலைக்குப் போகிறவர் என்ன செய்வார்? அதே 2023 ஜனவரியில் மத்திய அரசு மூன்று குறைதீர் மேல்முறையீட்டுக் குழுக்களை அமைத்தது. அவ்வாண்டு மார்ச் 1 முதல் அவை இணையத்தின் வழியாக முறையீடுகளைப் பெறத் தொடங்கின.

இதன் முறை இப்படி: முதலாவது, அந்த நிறுவனத்தின் இந்தியக் குறைதீர் அதிகாரிக்கு எழுதவேண்டும். 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் ஒவ்வொரு நிறுவனமும் அப்படி ஒருவரை நியமித்து, அவருடைய பெயரையும் தொடர்பையும் தன் தளத்தில் வெளியிடவேண்டும் என்று கட்டளையிடுகின்றன. அவருடைய பதில் திருப்தியளிக்கவில்லை என்றால், பதில் கிடைத்த 30 நாட்களுக்குள் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். வழக்கறிஞர் தேவையில்லை, நீதிமன்றப் படியேறவும் தேவையில்லை. குழுவின் உத்தரவுக்கு நிறுவனம் கீழ்ப்படிய வேண்டும்.

எழுதும்போது கோபமான வார்த்தைகள் வேண்டாம். எந்தக் கணக்கு, எந்தத் தேதியில் முடக்கப்பட்டது, திரையில் என்ன வந்தது, அதற்கு முன் நீங்கள் செய்தது என்ன, இதனால் உங்கள் பிழைப்புக்கு நேர்ந்த நஷ்டம் என்ன என்பவற்றை வரிசையாக எழுதுங்கள். மறைக்காமல் எழுதுங்கள். முன்பு படமெடுத்து வைத்த வாசகத்தை இணையுங்கள். அனுப்பியதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

உதவி செய்வதாக வருகிறவர்கள்

பூட்டின் முன் கலங்கி நிற்கிறவனை மோப்பம் பிடித்து வருகிற ஒரு கூட்டம் உண்டு. "கஸ்டமர் கேர் எண்" என்று இணையத்தில் தேடினால் கிடைக்கும் எண்களில் அநேகம் போலியானவை. இலவசக் கணக்குகளை மீட்டுக்கொடுக்க கூகுள் எந்த இடைத்தரகரையும் வைத்திருக்கவில்லை. "இரண்டாயிரம் ரூபாய் கொடுங்கள், ஒரே நாளில் திறந்து தருகிறேன்" என்பவன் உங்களிடம் மீதியிருப்பதையும் எடுத்துக்கொள்வான். கைபேசியின் திரையைத் தூரத்திலிருந்து காணும் செயலியை நிறுவச் சொல்பவனுக்கு ஒருபோதும் இணங்காதீர்கள்.

சபையிலே கணினி அறிந்த பிள்ளைகள் முதியோருக்கு உதவுவது நல்ல காரியம். அதிலும் ஓர் ஒழுங்கு இருக்கட்டும். உதவுகிறவர் கடவுச்சொல்லைக் கேட்கவேண்டாம். முதியவரே தம் கையால் தட்டட்டும். ஓ.டி.பி.யை அவரே வாசித்து இடட்டும். கடவுச்சொல்லை உதவுகிறவருடைய கைபேசியில் சேமிக்கவேண்டாம். உதவினவருடைய நற்பெயருக்கும் அதுவே பாதுகாப்பு.

வீட்டார் கையில் ஒரு சாவி

கணவர் திடீரென்று மரித்துப்போக, அவருடைய கைபேசி எண்ணைத் தவிர வேறொன்றும் அறியாத மனைவி, காப்பீடு எது, கடன் எது என்று தெரியாமல் நிற்பது எவ்வளவு வேதனை! கடவுச்சொல்லை எல்லாருக்கும் சொல்லவேண்டியதில்லை. கூகுளில் 2013 முதல் "செயலற்ற கணக்கு நிர்வாகி" என்ற ஏற்பாடு உண்டு. 3 மாதம் முதல் 18 மாதம் வரை நாம் குறிக்கும் காலத்துக்குக் கணக்கு திறக்கப்படாதிருந்தால், நாம் பெயர் கொடுத்தவருக்கு அதிலுள்ளவை கிடைக்கும்படி அதில் எழுதி வைக்கலாம். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு 2021 முதல் இதைப்போன்ற வசதி உண்டு. வங்கிக் கணக்கிலும் வைப்பு நிதியிலும் நாமினி பெயர் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள்.

ஆகவே, அன்பான வாசகரே, கதவு திறந்திருக்கும்போதே சில காரியங்களைச் செய்து முடியுங்கள். உங்கள் எண் உங்கள் பெயரில் இருக்கட்டும். மின்னஞ்சலில் மீட்பு எண்ணோடு, கணவன் அல்லது மனைவியின் மின்னஞ்சலையும் மீட்பு முகவரியாகச் சேருங்கள். இரண்டடுக்குப் பாதுகாப்பை வைத்து, கூகுள் தரும் 10 மாற்றுக் குறியீடுகளை அச்சிட்டு, ஆதார் நகலோடு பீரோவில் பத்திரப்படுத்துங்கள். ஒவ்வொன்றும் ஒரே முறை பயன்படும். வாட்ஸ்அப்பில் ஆறு இலக்க இரகசிய எண்ணை வையுங்கள். அருமையான புகைப்படங்களில் சிலவற்றைத் தாளில் அச்சிட்டு ஆல்பத்தில் ஒட்டி வையுங்கள். அந்த ஆல்பத்துக்குக் கடவுச்சொல் கிடையாது.

பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த நாம் பெட்டியை எத்தனையோ முறை கட்டியிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் சான்றிதழ்களை முதலாவது எடுத்து வைப்பதே நம் தாய்மார் நமக்குக் கற்பித்த பழக்கம். அந்தப் பைக்குள்ளே இனி அந்த மாற்றுக் குறியீட்டுத் தாளும் இருக்கட்டும்.